மாமனாரின் அக்கி

என் மாமனாரின் மார்பை நினைத்தால் எனக்கு இப்போதும் குமட்டும். எண்பதுகளின் தொடக்கம். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தோம். அவருடைய இடது விலாவைச் சுற்றி அக்கி கண்டிருந்தது. கொத்துக் கொத்தாகக் கொப்புளம், உடைந்தால் சீழ். குயவர் வழியில் வந்த ஒருவர், கோயில் சுவருக்குப் பட்டை அடிக்க வைத்திருந்த காவியைக் குழைத்து, அக்கி இறங்க அதன்மேல் சிங்கம் எழுதிவிட்டுப் போனார். தண்ணீர் படக்கூடாது, சட்டை போடக்கூடாது. அந்தக் குளிரிலும் மனிதர் வெற்றுடம்போடு உட்கார்ந்திருப்பார். காவியும் சீழும் சேர்ந்து காய்ந்த நாற்றம் சோற்றுத் தட்டு வரை வரும்.

அந்த மார்பில்தான், தவழத் தொடங்கியிருந்த என் மகளைப் போட்டுக் கொஞ்சுவார். அவள் கன்னத்தில் சிவப்பாக ஈரம் ஒட்டியிருக்கும். ஒருநாள் பொறுக்காமல் பிடுங்கப் போனேன்.

“அக்கி ஒட்டாதுலா. அம்மைதான் ஒட்டும். பேத்தியத் தூக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?”

என் கணவர் என் கையைப் பிடித்து விலக்கினார்.

இரண்டு வாரம் போலக் கழிந்து குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம். லயத்தில் வேறு யாருக்கும் அம்மை இல்லை. “ஆத்தா வந்துட்டா” என்று மாமனாரே கும்பிட்டார். மலைக் குளிரில் வேப்பமரம் ஏது? மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வரும் லோரிக்காரரிடம் வேப்பிலை சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் ஆத்தாவுக்குக் கோபம் வருமாம். குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியதும், யாரையும் கேட்காமல் அவளைத் துண்டில் சுற்றிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா, வீட்டில் யாருக்காவது அக்கியா என்றுதான் முதலில் கேட்டார். இரண்டும் ஒரே கிருமியாம். சிறு வயதில் மாமனாருக்கு வந்த அம்மை போகவே இல்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பில் இத்தனை காலம் ஒளிந்து கிடந்து, உடம்பு தளர்ந்ததும் அதே நரம்பு வழியாகத் தோலுக்கு வந்து அக்கியாகிவிட்டது. அந்தக் கொப்புளத்து நீர் பட்ட குழந்தைக்கு அது அம்மை.

“பிள்ளைக்கு ஆறிடும்மா. ஆனா அது போவாது. உள்ளயே தூங்கும்.”

மகள் பிழைத்தாள். அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, “ஆத்தா எறங்கிட்டா” என்று மாமனார் லயம் முழுக்கக் கூழ் கொடுத்தார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அவரை எரித்துப் பல வருஷம் ஆகிறது. அவர் கொடுத்தது என் மகளின் முதுகெலும்போரம் இன்னும் உயிரோடு படுத்திருக்கிறது.