நடுவில் நின்ற அண்ணன்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அந்த வருஷம் இயந்திரங்களைவிட வாய்கள்தான் அதிகம் ஓடின. நம் கூடைப்பந்து அணியில் இரண்டே பேர் சூரர்கள், மற்றவர்கள் ஆளெண்ணிக்கைக்கு நிற்பவர்கள்; இதை வைத்துக்கொண்டு தொழிற்சாலைகளுக்கான கோப்பையைத் தூக்க முடியுமா? முடியும் என்று கேன்டீன்காரர் அடித்துச் சொன்னார். இரண்டே காலில் மேசை நிற்குமா என்று கணக்கர் கேட்டார். பந்தைக் கையால் தொட்டுக்கூடப் பார்த்திராத இவர்கள் இருவரும்தான் இந்த விஷயத்தில் மகா நிபுணர்கள்.

இவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தவர், அந்தச் சூரர்கள் இருவருக்கும் சொந்த அண்ணன். நாற்பதை நெருங்கியவர், முழங்காலில் எந்நேரமும் ஒரு பட்டை. அணியில் அவரும் உண்டு. தொழிற்சாலை அவருக்கு வைத்த பெயர் ‘தபால்’. காரணம் இல்லாமல் வைக்கவில்லை.

பெரிய தம்பி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். எந்தக் கதவிலும் குனிந்துதான் நுழைவான் என்பதால் அவன் பெயர் ஏணி. கூடைக்கடியில் அவன் நின்றால் பந்து வேறு யார் கைக்கும் போகாது. சின்னத் தம்பி அச்சுப் பகுதியில் மை கலப்பவன். எட்ட நின்று அவன் சுண்டிவிட்டால் பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் உள்ளே விழும். ஆகவே சுண்டு. இருவருக்கும் ஆட்டம் தண்ணி பட்ட பாடு. ஆனால் இருவரும் ஒருவரோடொருவர் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது ஏணி வெளியூரில் ஒரு போட்டியில் இருந்தான். ஜெயித்துவிட்டு வந்தான். வந்தபோது அம்மா இல்லை. சொந்தபந்தம் முழுக்கக் கூடியிருந்த கூடத்தில் சுண்டு கேட்டான்: “தோத்துட்டாவது வந்திருந்தா அம்மா முகத்த உயிரோட பாத்திருப்பல்ல?” ஏணி பதில் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

ஒரே வீடுதான். ஏணி மாடி அறையில், சுண்டு கீழே முன்னறையில், நடுவில் மாடிப்படியில் அண்ணன். “அண்ணே, மேல இருக்கறவன்கிட்ட மோட்டார நிறுத்தச் சொல்லு.” “அண்ணே, கீழ இருக்கறவன்கிட்ட சொல்லு, அது நின்னு அரை மணி நேரமாச்சு.” கீழே ‘அந்தக் கழுதைகிட்ட சொல்லு’ என்று புறப்படும் சொல், படியேறி முடிப்பதற்குள் ‘தம்பி கேட்டான்’ ஆகிவிடும். காரத்தையெல்லாம் வழியிலேயே கொட்டிவிட்டுத்தான் அவர் மேலே போவார்.

“ரெண்டு கொழுந்தனுங்க வாயும் உங்ககிட்டதான் குடியிருக்கு, வாடகையாவது கேளுங்க” என்பாள் அவர் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கண் சிரிக்காது.

ஆடுகளத்திலும் இதே கூத்துதான். ஏணி பந்தைப் பிடிப்பான், சுண்டு கையை உயர்த்தி நிற்பான், பந்து மட்டும் அங்கே போகாது. பயிற்சி கொடுத்த ஸ்டோர் பொறுப்பாளர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில், ஆகாததை இழுப்பானேன் என்று அண்ணனை இருவருக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். ஏணி எடுத்து அண்ணனிடம் கொடுக்க வேண்டும், அண்ணன் சுண்டுவிடம் கொடுக்க வேண்டும், சுண்டு போட வேண்டும். மாசக்கணக்கில் இது ஒன்றுதான் பயிற்சி. கண்ணைக் கட்டிவிட்டாலும் அண்ணன் நிற்கும் இடத்துக்குப் பந்தை அனுப்பும் அளவுக்கு இருவரும் தேறினார்கள். அணி வரிசையாக ஜெயித்தது. கணக்கர் மேசைக்கால் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அண்ணனுக்குக் கோப்பைமேல் ஆசை இல்லை. அவர் ஆசை வேறு. ஜெயித்தவர்கள் கடைசி விசில் ஊதியதும் என்ன செய்கிறார்கள் என்று அவர் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நிற்பவன் யார், எவன் என்று பார்க்க மாட்டார்கள், கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். ஜென்மப் பகையாளியையும் கட்டிப்பிடிப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் போதும், மீதியை ரத்தபாசம் பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

“ஜெயிச்சா ரெண்டு பேரும் பேசிடுவானுங்க, பாரு” என்றார் மனைவியிடம்.

“தோத்தா?”

“தோக்க மாட்டோம்.”

இறுதி ஆட்டம் சோப்புத் தொழிற்சாலை அணியோடு. அங்கே சூரன் என்று ஒருவனும் கிடையாது. ஆனால் அவர்கள் பயிற்சியாளருக்குக் கண் இருந்தது. ஏணியை ஒருவனிடமும் சுண்டுவை ஒருவனிடமும் விட்டுவிட்டு, யாரும் சீந்தாத அண்ணன்மேல் இரண்டு பேரை ஏவிவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைச் சுற்றி இத்தனை பேர் நிற்பதைப் பார்த்து அண்ணன் திணறிப்போனார். முட்டினார், மோதினார், கையைப் பிடித்து இழுத்தார். கடைசிச் சில நிமிஷங்கள் இருக்கையில் ஐந்தாவது ஃபவுல். நடுவர் வெளியே போகச் சொன்னார்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தவருக்கு ஒருபக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி நடுவில் ஆள் இல்லை. கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

ஒரு கூடை பின்தங்கியிருந்தார்கள். கடைசி நொடிகளில் பந்து ஏணியிடம் வந்தது. மூன்று பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். மூலையில் சுண்டு தனியாக, பக்கத்தில் ஈ காக்கை இல்லாமல் நின்றான். அரங்கமே எழுந்து அவனைக் கைகாட்டிக் கத்தியது. ஏணி தம்பியைப் பார்த்தான். மூன்று வருஷத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தான். எறிந்தான்.

நல்ல பாஸ். நெஞ்சுக்கு நேராகப் போனது. ஆனால் பந்தை அண்ணன் கையிலிருந்தே வாங்கிப் பழகிப்போன சுண்டு, ஏணி கையைத் தூக்கியதுமே அண்ணன் வழக்கமாக நிற்கும், இப்போது காலியாகக் கிடந்த இடத்தின் பக்கம் திரும்பிவிட்டான். பந்து அவன் தோளில் பட்டு வெளியே உருண்டது. விசில் ஒலித்தது. சோப்புக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

உடை மாற்றும் அறையில் ஏணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். “அண்ணே, நான் குடுத்தத வாங்கக்கூடப் பிடிக்கலையான்னு அவன்கிட்ட கேளு.” எதிர்ப்பக்கம் சுண்டு ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்: “அத்தன பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தத்தான எறிஞ்சான்னு கேளு அண்ணே.”

இருவருக்கும் இடையே நாலடி தூரம்கூட இருக்காது. அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்களைப் பிரியாமல் பிடித்து வைத்திருக்கிறோம் என்று மூன்று வருஷமாக மார்தட்டிக்கொண்டிருந்தார். பிடித்து வைக்கவில்லை; ஒருவன் முகத்தை இன்னொருவன் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்து வைத்திருக்கிறார். பந்து வந்த நேரத்தில் சுண்டு தேடியது அண்ணனைத்தான்.

“இனிமே நான் எதையும் கொண்டுபோய்ச் சேக்க மாட்டேன்டா. எதுவா இருந்தாலும் நீங்களே பேசிக்கங்க” என்றார்.

சொன்னபடியே நின்றார். வீடு பேச்சுமூச்சு இல்லாமல் போனது. மோட்டார் ஓடித் தொட்டி வழிந்தபோதும் அவர் படியேறவில்லை. பட்டினி போட்டால் பசிக்காமலா போகும் என்று மனைவியிடம் சொன்னார்.

சோப்புத் தொழிற்சாலை சுண்டுவை வேலைக்குக் கூப்பிட்டது. தூரத்து ஊர், அங்கேயே தங்க வேண்டும். புறப்படும் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் மாடிப்படியின் அடியில் வந்து நின்றான். ஏணி மேலே அறையில் இருந்தான். கதவு பாதி திறந்திருந்தது. சுண்டு முதல் படியில் ஒரு காலை வைத்தான், எடுத்தான். கண் கலங்கியிருந்தது.

“அண்ணே, அவன்கிட்ட சொல்லு, நான் வந்து...”

“மேலதான இருக்கான்? நீயே போய்ச் சொல்லுடா.”

சுண்டு அண்ணனை ஒருமுறை பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. அண்ணன் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். இந்த ஒரு தடவை நான் விட்டுக்கொடுக்காவிட்டால் அவன் ஏறிவிடுவான் என்று நம்பினார். செருப்புச் சத்தம் கேட்டது. அது வாசல் பக்கம் போனது.

அவர் ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். அண்ணி ஓடினாள், பஸ் போய்விட்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஏணி கீழே இறங்கி வந்தான். முன்னறைக் கட்டிலில் விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு உயரமான ஆள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணே, போறப்ப எனக்கு ஏதாவது சொன்னானா?”

மூன்று வருஷமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னதாக மாற்றிக் கொண்டுபோனவர், இப்போது ஒன்று இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவன் உண்மையில் சொல்ல வந்தது இருக்கிறதே, அது இனி அவருக்கும் தெரியாது.

“ஒண்ணும் சொல்லலப்பா” என்றார்.