ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

தையல்காரம்மா பன்னிரண்டு வருஷமாக அந்த அயல் நகரத்தில் இருக்கிறாள். அந்த ஊர் மொழியில் வாடிக்கையாளர்களோடு நன்றாகவே மல்லுக்கட்டுவாள். ஆனால் இன்ச் டேப்பைக் கையில் எடுத்துவிட்டால் எண்ணுவது மட்டும் தமிழில்தான். பெரிய கடைத்தொகுதி ஒன்றின் கீழ்த்தளத்தில், சாவி போடும் கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவே அவள் கடை. ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், திரை போட்ட ஒரு மூலை. பருத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள். முதலாளி வேறு ஆள். ஊரிலிருக்கும் தங்கையிடம் மட்டும் அது தன் சொந்தக் கடை என்று அளந்து விட்டிருந்தாள்.

பேண்ட் ஒன்றைப் பிடிக்க வந்தவரின் இடுப்பை அளந்து "முப்பத்தி நாலு" என்று அவள் முணுமுணுத்தபோது, கையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆள் வெடுக்கென்று திரும்பினார்.

"அக்கா, நீங்க தமிழா?"

"ஆமா, தமிழ்தான். அதுக்காக இப்படித் திரும்பினா டேப் நழுவுதில்ல? அசையாம நில்லுங்க."

அந்தக் கட்டடத்தின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவர் அவர். நாற்பத்தைந்து வயசிருக்கும். அவர் தங்கியிருந்த அறையில் இன்னும் நாலு பேர், நாலு பேருக்கும் வேறு வேறு மொழி. ஊரில் மனைவியும் ஒரே மகளும். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு இரண்டு காகிதக் கோப்பையில் டீயோடு வந்துவிடுவார். அவள் தன் மகளைப் பற்றிப் புலம்புவாள். கல்யாணமானதிலிருந்து, போனை எடுத்தாலும் பேச்சு ரெண்டு நிமிஷத்தைத் தாண்டுவதில்லை. அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறியவர்களின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

ஒரு மாதம் கழித்து அதே பேண்ட் திரும்பி வந்தது. முப்பத்தி ரெண்டு. அடுத்த மாதம் முப்பது.

"என்ன தம்பி, பட்டினி கிடக்கிறீங்களா?"

டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். வயிற்றில் கட்டி. வாராவாரம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். நாள் அதிகமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

"பொண்ணுக்கு ரெண்டு மாசத்துல பரீட்சைக்கா. இப்ப தெரிஞ்சா எழுத மாட்டா. முடிஞ்ச அன்னிக்கே கிளம்பிடுவேன். கடைசில அவங்க பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்."

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் மனைவிக்கு முகம் காட்ட வேண்டும். அதற்கென்று அவர் வைத்திருந்த ஒரே நல்ல சட்டையின் காலருக்குள் கழுத்து குச்சி மாதிரி ஆடியது. தையல்காரம்மா அந்தச் சட்டையை வாங்கி, காலரைப் பிரித்து, அவர் கழுத்துக்குச் சிக்கென்று பொருந்தும்படி தைத்தாள். தோள் விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் துணி வைத்தாள். பஞ்சு வைத்த பனியன் ஒன்றும் தைத்துக் கொடுத்தாள். போனைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னாள், கன்னம் வெளிச்சத்துக்கு வராமல் உட்காரச் சொன்னாள். திங்கட்கிழமை தானே பரீட்சை எழுதியவள் போலக் காத்திருந்தாள்.

"'சதை போட்டுட்டீங்களே, யாரு ஆக்கிப் போடறா?'ன்னு கேக்கறாக்கா!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாவிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று இன்று யாரும் கேட்கலாம். அன்று அவள் பெருமைப்பட்டாள்.

பரீட்சை முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை அவர் டீ இல்லாமல் வந்தார்.

"வரட்டுமான்னு கேட்டேன். 'நல்லாத்தானே இருக்கீங்க, அவ காலேஜ் சேரட்டும், இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க'ங்கறா."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"பக்கத்துல பொண்ணு சிரிச்சுக்கிட்டு நிக்குதுக்கா. எப்படிச் சொல்றது? அடுத்த ஞாயிறு கண்டிப்பா சொல்லிடறேன்." சட்டையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் லூசாயிடுச்சு. இந்த ஒரு தடவை."

அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தாள். அந்தச் சட்டையை அவர் முகத்தில் விட்டெறிந்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? அவர் போய்விட்டால் நாலு மணிக்குத் தன்னைத் தேடி வர ஒரு நாதி இல்லை என்ற எண்ணம் மனசின் ஓரத்தில் இருந்தது. அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளப் பல நாள் ஆயிற்று.

அந்த ஞாயிறும் அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வருவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வியாழக்கிழமை அவரோடு வேலை பார்ப்பவன் வந்து, அவர் போய்விட்டார் என்று கையை விரித்தான். கம்பெனிக்காரர்கள் உடலை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.

பத்து நாள் கழித்து, அவள் ஒரு ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அவரு போன்ல 'தையல் அக்கா'ன்னு இருந்துச்சு. நான் அவரு சம்சாரம் பேசறேன்."

தையல்காரம்மா ஜிப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"பெட்டியைத் திறந்ததும் ஆள் மாறிப்போச்சுன்னு சண்டை போட்டேன்க்கா. 'இது எங்க வீட்டுக்காரர் இல்ல, வேற யாரையோ அனுப்பிட்டீங்க, எடுத்துட்டுப் போங்க'ன்னு கத்தினேன். எம் பொண்ணுதான் கால் விரலைப் பாத்து அப்பான்னு சொன்னா. ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதானே வீடியோல பாத்தேன்? நல்லா இருந்தாரே? வரட்டுமான்னு கேட்ட மனுஷனை நான்தான் வர வேணாம்னு சொல்லிட்டேன்."

தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கழுத்தில் கிடந்த டேப்பை விரலில் சுற்றினாள்.

"உங்க மேல தப்பில்லம்மா. தோளுக்கு உள்ள நான்தான் துணி வெச்சுத் தைச்சேன். காலரைப் பிடிச்சதும் நான்தான். வாராவாரம் நான்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப நான் சட்டையைத்தான் பாத்திருக்கேன்" என்றாள் அந்தப் பெண். "அவரைப் பாத்தது நீங்கதான்."

தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எப்படி இருந்தாரு? சொல்லுங்கக்கா. எதையும் மறைக்காதீங்க."

அவள் மிஷினின் ஸ்விட்சை அணைத்தாள். திரைக்குப் பின்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.