சுவரில் ஒட்டிய அட்டை

சட்டை ஆலையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதையேதான் செய்தார். காலர் ஒரு நூலளவு கோணினாலும் சட்டை திரும்பிப் போகும். தையல்காரர்கள் அவரைத் திட்டாத நாள் இல்லை. அவருக்கோ அதில் உள்ளூரப் பெருமை.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் புத்தியைக் கெடுக்கவென்றே ஒரு பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். இலக்கு இருந்தால் எல்லாம் நடக்கும், குறையை வாயால் சொல்லவே கூடாது என்று ஒரு நாள் முழுக்க விளாசித் தள்ளினார். குறை சொல்லியே வயிறு வளர்ப்பவர் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாமா? இவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எல்லோரும் இலக்கை அட்டையில் எழுதி எதிர்ச் சுவரில் ஒட்டினார்கள். தினமும் வேலை தொடங்குமுன் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது மேலாளர் உத்தரவு. இவருடைய அட்டை: 'இந்த வருஷ முடிவில் நான் சூப்பர்வைசர்.'

இரண்டு மாதத்தில் கண்ணில் புகை மூடத் தொடங்கியது. வீட்டில் டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்தார். ஒரு நாள் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கிளம்ப, மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க இது? ஒருவாட்டி கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்களேன்."

"அவசரத்துல போட்டது. நெகட்டிவா பேசாத. தினமும் அந்த அட்டைய ஒரு எழுத்து விடாம படிக்கிறேன். கண்ணு தெரியாதவன் படிப்பானா?"

ஆலையில் திரும்பிப் போகும் சட்டைகள் குறைந்தன. பூதக்கண்ணாடி திருந்திவிட்டார் என்று தையல்காரர்கள் குஷியானார்கள். இவர் மாதிரி நல்லதையே பார்க்கப் பழகுங்கள் என்று மேலாளர் கூட்டத்தில் வேறு பாராட்டினார். அடப்பாவமே, அவர் எதையுமே பார்க்கவில்லை என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஆறாவது மாதம் ஒரு காலை. எழுந்து நின்று, சுவரைப் பார்த்துக் கணீரென்று படித்தார்.

"இந்த வருஷ முடிவில் நான் சூப்பர்வைசர்."

பக்கத்து மேஜையில் இஸ்திரி போடுகிற பெண் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, பெயின்ட் அடிக்க நேத்தே எல்லா அட்டையையும் கழட்டிட்டாங்க. அங்க வெறும் சுவருதான் இருக்கு."

அவர் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். அத்தனை நாளும் மனப்பாடத்தைத்தான் படித்திருக்கிறார்.

மறுநாள் மனைவியோடு போனபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கண் நரம்பு போயிடுச்சுங்க. போன பார்வை இனி திரும்பாது. நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு தூரம் போகாம தடுத்திருக்கலாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் வேலையை விடுங்கள், நாளைக்குச் செய்ய அவருக்கு எந்த வேலையும் இல்லை. மனைவிக்கு அவர்மேல் கோபம்கூட மிச்சமில்லை. அவர்தான் கேட்டார்.

"இன்னிக்காவது சட்டைய சரியா போட்டிருக்கேனா?"

அவள் அவரைப் பார்த்தாள்.

"சரியாத்தாங்க இருக்கு."

அவர் கை பழக்கத்தில் தோளுக்குப் போனது. தையல் விளிம்பும் தொங்கும் நூலும் வெளிப்பக்கம் விரலில் நெருடின. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.