விரிசலுக்குக் கிடைத்த விலக்கு

நடந்த விபத்துக்கு ஓடுகிறவனை ஊர் மதிக்கும். நடக்காத பூகம்பத்துக்கு ஓடுகிறவனைப் பார்த்தால் டீக்கடையில் சிரிப்பார்கள். அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் நான் உதவிப் பொறியாளர். குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு பழைய கட்டடங்களைச் சோதிக்கச் சொன்னபோது, ஓசூர்ப் பக்கத்து வேலை என் தலையில் விழுந்தது. பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் கால்கடுக்க நின்ற மக்களே, நீங்கள் எதற்குக் கீழே நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மாந்தோப்புக்காரர்

வெள்ளைக்காரன் காலத்துப் பதிவு அலுவலகம் அது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான், கம்பி என்ற பேச்சே கிடையாது. ஆவண அறை வாசலுக்கு மேலே ஒரு வளைவு, அதில் விரல் நுழைகிற விரிசல். ரோட்டில் கன்டெய்னர் லாரி போனால் மேலிருந்து சுண்ணாம்பு உதிரும். ஃபேக்டரிக்கு நிலம் எழுதிக் கொடுக்க வந்த கூட்டம் சரியாக அதற்குக் கீழேதான் முண்டியடித்து நிற்கும்.

வெளியே நில்லுங்கள் என்று தமிழில் சொன்னேன், அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன், அதைவிட மோசமான கன்னடத்தில் சொன்னேன். ஒருத்தரும் நகரவில்லை. வேப்பனப்பள்ளியிலிருந்து மாந்தோப்பை விற்க வந்திருந்த ஒருவரிடம் பூகம்பம் வந்தால் என்ன ஆகும் என்று பொறுமையாக விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பூமி ஆடுனா ஆடட்டும் சார், மத்தியானத்துக்கு மேல அது என்னுது இல்ல."

மூன்று கண்ணாடித் துண்டுகள்

விரிசல் வளர்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் எளிய வழி ஒன்று உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டிவிடுவோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அப்படி மூன்று துண்டுகள் ஒட்டினேன்.

வளைவுக்கு நேர் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் ஆவணக் காப்பாளர் முனிரத்தினம். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. அது என்ன என்று கேட்டார். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல், போதாததற்கு வெயில். விளக்கப் பொறுமையில்லாமல், இதில் யாரும் கை வைக்கக் கூடாது, இது உடைந்தால் உங்களைத்தான் கேட்பேன் என்று எரிந்து விழுந்தேன். அவர் எழுந்து நின்று சொன்னார்: "கண்ணு மாதிரி பாத்துக்கறேன் சார்."

விலக்கு

வளைவுக்கு மேல் கான்கிரீட் பட்டை கட்டி, சுவர்களை இரும்புக் கம்பியால் இழுத்துப் பிணைக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினேன். பழமையான கட்டடம், முகத்தோற்றம் மாறக் கூடாது என்று பதில் வந்தது. அப்படியானால் அலுவலகத்தையாவது வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்றேன். விரிசல் வளரவில்லை என்று பொறியாளர் சான்று கொடுத்தால் பூகம்பப் பாதுகாப்புக்கான புது விதிகளிலிருந்து கட்டடத்துக்கு விலக்கு உண்டு, மாற்ற வேண்டியதில்லை என்றார்கள்.

பத்து மாதம் போய்ப் போய்ப் பார்த்தேன். மூன்று கண்ணாடியும் முழுசாக இருந்தன. மனசு ஒப்பவில்லை, ஆனால் கண்ணால் பார்த்ததை மறுக்க முடியுமா? கையெழுத்துப் போட்டேன். விலக்கு வந்த அன்று, அங்கே வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்கு உத்தரவில் என்ன சொல்லியிருக்கிறது என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விலக்கு கட்டடத்துக்குத்தான்யா, ஆளுங்களைப் பத்தி ஒரு வரியும் இல்ல."

ஆயுத பூஜை

பூஜைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். பீரோவுக்கு, முத்திரைக்கு, பஞ்சிங் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள். மேலே பார்த்தால் என் கண்ணாடிகளுக்கும் சந்தனம், குங்குமம். சிரிப்பு வந்தது. ஏணியில் ஏறிக் கிட்டத்தில் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஒட்டியது சாதாரண வெள்ளைக் கண்ணாடி. இவற்றில் லேசான பச்சை ஓடியது. சாந்தும் புதுசு.

இறங்கி வந்து முனிரத்தினத்தைக் கேட்டேன். திருட்டு முழி எதுவும் இல்லை, முகத்தில் பெருமைதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் சாமி படத்துக்கு ஃப்ரேம் போடும் கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கினாராம். அவர் சொன்னார்: "நாலு தடவ உடைஞ்சுது சார், ஒரு தடவ கூட உங்க பேரைக் கெட விடல."

காலி நாற்காலி

என் சான்று தப்பு என்று நானே கடிதம் எழுதினேன். உடைந்த கண்ணாடிகள் எங்கே என்று கேட்டார்கள். அவற்றை முனிரத்தினம் குப்பையில் போட்டிருந்தார். ஆதாரம் இல்லாமல் உத்தரவைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்று கோப்பை மூடினார்கள். மேஜையையாவது நகர்த்தலாம் என்றால், சார்பதிவாளர் மேடம் கூட்டம் உள்ளே நுழைந்துவிடும் என்று மறுத்துவிட்டார்.

கடைசியில் முனிரத்தினத்திடம் உண்மையைச் சொன்னேன். நாலு தடவை உடைந்தது என்றால் நாலு தடவை சுவர் நகர்ந்தது என்று அர்த்தம், தப்பு உங்களுடையது அல்ல, அன்றைக்கு நான் ஒழுங்காகச் சொல்லாததுதான், மாற்றல் கேட்டுப் போய்விடுங்கள் என்றேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். அவர் வளைவை அண்ணாந்து பார்த்தார். பிறகு நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டே சொன்னார்: "நான் போனா இங்க வேற ஒருத்தர் வந்து உக்காருவாரு சார், அவருக்கு மேல பாக்கணும்னு தெரியாதே."

அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது என்றால் என் சான்றிதழ் அதற்குக் காரணமல்ல, பூமிக்கு அந்தக் கோப்பு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.