மூன்று டிகிரி வித்தியாசம்

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் தண்ணீருக்கு எல்லோரும் அலைந்துகொண்டிருந்த நேரம். அல்சூரில் எங்கள் சந்துக்குக் காலை 6.40-க்கு லாரி வந்தது. இரண்டு டிரம்மும் ஆறு குடமும் பிடித்தேன். 8.15-க்கு இட்லி. 9 மணிக்கு அந்த வாரத்துக்கான சட்டைகளுக்கு இஸ்திரி. இதெல்லாம் டைரியில் இருக்கிறது. அடுத்த வரி மட்டும் சிவப்பு மையில்: நாளை மகளுக்குக் கணக்குப் பரீட்சை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அரையாண்டில் கணக்கில் ஃபெயில் ஆனவள் அவள். அல்ஜீப்ரா சுத்தமாக வராது. ஆனால் வடிவொத்த முக்கோணங்களை நிரூபிப்பது மட்டும் எப்படியோ பிடித்துப்போய்விட்டது. "இத விடாம போட்டாலே பாஸ் பண்ணிடுவ" என்று அவளுடைய மிஸ் சொல்லியிருந்தார். இரண்டு மாதமாக அந்தப் பாடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அளவு சோதிப்பவன். இருபத்து மூன்று வருடமாக அதே வேலை. வருகிற ஒவ்வொரு பாகத்தையும் அளப்பேன். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு பெயிண்டால் குறுக்குக் குறி போட்டு ஒதுக்குவேன்.

மாலை 4.10 இருக்கும். தோழியிடம் வாங்கிய ஜெராக்ஸ் தாளோடு வந்தாள். மேல் கோடும் கீழ்க் கோடும் இணையாக உள்ள ஒரு சரிவகம், அதற்குள் இரண்டு மூலைவிட்டங்கள். மேலேயும் கீழேயும் உள்ள முக்கோணங்கள் வடிவொத்தவை என்று நிரூபிக்க வேண்டும்.

"அப்பா, நான் போட்டுட்டேன். சரியா இருக்கான்னு மட்டும் பாரு."

அவள் எழுதியதைப் படிக்கவேண்டியதுதானே? நான் படிக்கவில்லை. அவளுடைய ஜாமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தேன். சமமாக இருக்கவேண்டிய இரண்டு கோணங்களில் ஒன்று 38 டிகிரி, இன்னொன்று 41. மறுபடியும் அளந்தேன். அதேதான்.

"கணக்கே தப்பும்மா. மூணு டிகிரி வித்தியாசம். பேரலல்னு போட்டிருக்கான், பேரலலே இல்ல" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவால் படத்தின் குறுக்கே கோடு போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

அவள் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து மணிக்குக் காபி கொடுக்கப் போன என் மனைவி, போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஏங்க, அவ என்ன பண்றான்னு வந்து பாருங்க."

மகள் பாடப்புத்தகம், கைடு எல்லாவற்றையும் விரித்து வைத்து ஒவ்வொரு படமாகக் கோணமானியால் அளந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தாளில் எண்கள். என்னைப் போலவே வரிசையாக, கட்டம் போட்டு எழுதியிருந்தாள். பதினான்கு படங்களில் மூன்றுதான் சரியாக வந்திருந்தன.

"எதுவுமே சேரலப்பா. அப்போ நான் படிச்சதெல்லாம் தப்பா? நாளைக்கு அளந்து பாத்துட்டு எழுதணுமா, அளக்காம எழுதணுமா?"

மிஸ்ஸுக்கு இரண்டு முறை போன் செய்தோம், எடுக்கவில்லை.

"உங்க ஃபேக்டரிய வீட்டுக்குக் கொண்டாராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? போன வாரம் சப்பாத்திய அளந்தீங்க, சும்மா இருந்தேன். இவ பரீட்சையிலயுமா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி.

திங்கட்கிழமைக்கான பையை ஞாயிறு ஆறு மணிக்கு எடுத்து வைப்பது என் வழக்கம். வேறென்ன செய்வது என்று தெரியாமல் அதைச் செய்தேன். பையில் ஒரு பாகத்தின் வரைபடப் பிரதி இருந்தது. அதை மடிக்கும்போது ஓரத்தில் அச்சிட்டிருந்த சின்ன ஆங்கில வரி கண்ணில் பட்டது. எங்கள் வரைபடம் ஒவ்வொன்றிலும் இருக்கும் வரிதான்: படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்காதே, எழுதியிருக்கும் அளவை மட்டும் எடுத்துக்கொள்.

அப்படியே நின்றுவிட்டேன். தாள் சுருங்கும், பிரதி எடுக்கும்போது கோணும், அதனால் படத்தை நம்பக்கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் கத்துகிற முதல் பாடமே இதுதான். இருபத்து மூன்று வருடம் கத்தியவன், வீட்டில் ஜெராக்ஸ் தாளின் மேல் கோணமானியை வைத்திருக்கிறேன்.

வரைபடத்தை அவளிடம் காட்டிச் சொன்னேன். தலையை ஆட்டினாள், ஆனால் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஒரு தடவை பொய்த்த அப்பாவை உடனே எப்படி நம்புவாள்?

அதனால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஸ்கேல் இல்லாமல் கையால் ஒரு சரிவகம் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோணலாக எதையும் வரைந்ததில்லை.

"என்னப்பா இது, சமோசாவா?"

"சமோசாதான். மேல் கோடும் கீழ்க் கோடும் பேரலல்னு நான் குடுத்துட்டேன். இப்ப ப்ரூவ் பண்ணு. ஒவ்வொரு வரிக்கும் ஏன்னு கேப்பேன்."

பென்சிலை எடுத்தாள். "பேரலல்னு குடுத்திருக்கு. அதனால ஆல்டர்னேட் ஆங்கிள்ஸ் ஈக்குவல்."

"பாத்தா ஒண்ணு பெருசா இருக்கே?"

"பாத்தா இருக்கட்டும்ப்பா. நீதானே பேரலல்னு குடுத்த? குடுத்துட்டு மாத்தாத." குரலில் கொஞ்சம் கோபம் வந்திருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நடுவுல ரெண்டு கோடும் வெட்டிக்குது. அங்க எதிரெதிர் ஆங்கிள்ஸ் ஈக்குவல். ரெண்டு ஆங்கிள் போதும், சிமிலர்."

7.45 வரை ஒன்பது சமோசா வரைந்தேன். ஒன்பதையும் நிரூபித்தாள். ஆனாலும் சாப்பிடும்போது, "ஹால்ல திடீர்னு டவுட் வந்தா?" என்று கேட்டாள். சந்தேகத்தை விதைப்பதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்பதைத்தான் அன்றைய டைரியில் எழுதினேன். இப்போதும் யாருடைய வேலையையாவது தப்பு என்று சொல்ல வாய் வரும்போது, அவர் எழுதியதை முதலில் முழுதாகப் படித்தேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலை 5.30-க்கு எழுந்ததும், லாரி வருமா என்றுகூடப் பார்க்காமல், முதல் வேலையாக அவளுடைய ஜாமெட்ரி பெட்டியைத் திறந்தேன். கோணமானியை எடுத்துவிடலாம் என்றுதான் திறந்தேன். அது பெட்டியில் இல்லை. அவளே அதை எடுத்து என் டைரியின் மேல் வைத்திருந்தாள்.