எந்தப் பக்கம் என்று கேட்டவர்

என் தங்கையைப் பெண் பார்க்கப் பெங்களூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா. கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஸ்கெலட்டனில் எங்கள் வீடு சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடு. மூன்று விருந்தாளிகள் உட்கார்ந்தால் வீட்டு ஆள் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். அன்று வாசலில் நான்.

அப்பா இருபது வருடத்துக்கு மேல் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். தூசி நுரையீரலில் படிந்து, ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில்தான் பேசுவார். பேச்சைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம், "மீதி ஆவுற காத்த இன்னா சார் பண்றது?" என்று கேட்டவர்.

பெரியப்பா சுவரிலிருந்த புத்தர் படத்தைப் பார்த்தார். பதில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார்.

"பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"வட ஆற்காடு."

"சரி, அங்க எந்தப் பக்கம்?"

ஊரா, சேரியா என்பதை மரியாதையாகக் கேட்கும் முறை இது.

"கீழ்ப் பக்கம்ங்க. பூமிக்குக் கீழ." அப்பா மூச்சு வாங்கினார். "சொரங்கத்துக்கு கேஜு லிப்டுல எறங்கறப்ப எல்லாரும் நெஞ்சோட நெஞ்சு ஒட்டிதான் நிப்போம். மேல வந்து குளிச்சப்புறம்தான் யாரு இன்னான்னு ஞாபகம் வரும்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவருடைய அம்மா திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

தங்கை போட்ட காபி வந்து ஆடை கட்டியது. யாரும் தொடவில்லை.

"குடிங்க. தூசியெல்லாம் என் நெஞ்சுலதான் கீது, டம்ளர்ல இல்ல."

பெரியப்பா தனக்குச் சர்க்கரை வியாதி என்றார். அதே நிமிடம் மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அது வந்தது. மாப்பிள்ளை டம்ளரை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. நாங்கள் பௌத்தர்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் ஜாதகமே கிடையாது.

"உன் வாயி சும்மா இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்று அப்பாவிடம் கத்தினேன்.

"முடிஞ்சிருக்கும்தான். அப்புறம் தினமும் அவ போடற காபிய யாரு குடிப்பாங்க?"

தங்கை உள்ளேயிருந்து சிரித்தாள்.

மறு வருடம் மழைக்காலத்தில் அப்பா இறந்தார். அதன்பின் தங்கை, தன்னோடு வேலை செய்பவரைக் கோலாரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. சாட்சிக்கு ஓர் ஆள் குறைந்தது. பட்டுப்புடவையோடு எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

"அண்ணா, அஞ்சு நிமிஷம் எங்க சொந்தக்காரரா இருக்க முடியுமா?" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.