வைக்காத வெற்றிலை

கலியாணசுந்தரமும் தம்பி நமச்சிவாயமும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே தறியில்தான் நெய்தார்கள். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அண்ணன் சேலையின் உடலுக்கு, ஊடு இழை ஓட்டும் நாடாவை எறிந்தால், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு எறிய வேண்டும். பேசாமல் எப்படி நெய்வது? அண்ணன் தொண்டையைச் செருமினால் தம்பி எறிவான். பிள்ளையார்பாளையத்தில் அந்தச் செருமலைக் கேட்டுச் சிரிக்காதவர் கிடையாது.

வீட்டுக்குள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தம்பி கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து ஒளித்தான், பின்கட்டைப் பூட்டினான். பொறுக்க முடியாமல் கலியாணசுந்தரம்தான் நாட்டாண்மை பரசுராம முதலியாரிடம் போனான்.

அந்தத் தெருவில் அதற்கொரு முறை உண்டு. தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம் என்று இருவரும் முதலில் முச்சலிக்கா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு பிள்ளையார் முன்னால், குறை ஒன்றுக்கு ஒரு வெற்றிலையாகத் தட்டில் வைத்துச் சொல்ல வேண்டும். ஒருவன் சொல்லும்போது மற்றவன் வாய் திறக்கக் கூடாது, பதில் பிறகுதான். தீர்ப்பானதும் வெற்றிலையைக் குளத்தில் விட்டுவிடுவார்கள். அதன்பின் பழையதைக் கிளறுகிறவனுக்கு, தறியில் ஏற்றும் நீள இழைகளான பாவை விரிக்க யாரும் வர மாட்டார்கள். தெருவில் பாவு விரிக்கப் பத்துக் கை வேண்டும். அது இல்லாதவன் தறியை விறகுக்குப் போட வேண்டியதுதான்.

"சொல்லாம வுட்டதும் அதோட கொளத்துல முழுவிடணுங்க. இன்னிக்கே எல்லாம் தீர்ந்துடணும்" என்று கூடுதல் நிபந்தனை போட்டவனும் கலியாணசுந்தரமே. மகா புத்திசாலி!

உண்மையில் அவனுக்கு இருந்தது ஒரே குறை. அவன் மகள் வடிவாம்பாள், நாலு வயது. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு ஜுரம் கண்ட விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தெளித்திருந்தார்கள். வெயில் ஏறுமுன் இழைகளைப் பிரித்துவிடாவிட்டால் பட்டு ஒட்டிப் பாழாகும். வைத்தியரை அழைத்து வரத் தம்பியை ஓடச் சொன்னான். "கஞ்சி காஞ்சிடும்ணா, முடிச்சிட்டுப் போறேன்" என்றான் தம்பி. அவன் போனபோது வைத்தியர் தாமல் கிராமத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். அன்று சாயங்காலம் குழந்தை போய்விட்டது. அதை நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டால் நெஞ்சில் அடைத்தது இறங்கும் என்றுதான் இத்தனை ஏற்பாடும்.

பிள்ளையார் முன்னால் கயிறு, பின்கட்டு, இன்னும் மூன்று சில்லறைச் சமாசாரங்கள் என்று ஐந்து வெற்றிலை வைத்தான். ஆறாவதை எடுத்து நிமிர்ந்தபோது, தம்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதில் சொல்லும் முறை வந்தால் தம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்பான்: நீ ஏன் போகவில்லை? அன்று பாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பெற்ற தகப்பன். மனைவி பெரியநாயகி வாசலுக்கு வந்து இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டு முறையும் "இதோ" என்றவன் அவன்தான். கலியாணசுந்தரம் எடுத்த வெற்றிலையைத் தட்டில் வைக்கவில்லை. வெற்றிலை கைக்குள் கசங்கியது.

"இன்னும் ஏதாச்சும் இருக்குதாப்பா?" என்றார் முதலியார்.

"இல்லீங்க."

தம்பியின் முறை வந்தது. அவன் தட்டைத் தொடவேயில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றான். ஐந்தும் அண்ணன் பக்கமே தீர்ந்தன. வெற்றிலைகள் குளத்தில் மிதந்து, நனைந்து, மூழ்கிப்போயின. ஜெயித்தவனைப் போல் எல்லோரும் கலியாணசுந்தரத்தின் தோளைத் தட்டினார்கள்.

வீடு திரும்பும் வழியில், மூன்று வருஷத்துக்குப் பிறகு தம்பி அவனிடம் பேசினான்.

"அண்ணா. கொழந்த விஷயத்த நீ வெப்பேன்னு காத்துக்கினு இருந்தேன். வெச்சிருந்தா எல்லார் எதிர்லயும் உன் கால்ல வுழுந்திருப்பேன். அதுக்குத்தான் கையெழுத்தே போட்டேன்."

கலியாணசுந்தரத்துக்குத் தம்பியைக் கட்டிக்கொண்டு, நானும்தான்டா போகவில்லை என்று கதற வேண்டும்போல் இருந்தது. ஆனால் பத்தடி பின்னால் முதலியாரும் தெருக்காரர்களும் வந்துகொண்டிருந்தார்கள்.

"வாய மூடு. அது முழுவிடுச்சு" என்றான்.

"அப்போ நான் யாருகிட்டணா சொல்றது?"

கலியாணசுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். தானே கேட்டு வாங்கிய நிபந்தனை அது.